பட்டைகளுக்கு நடுவே ஒரு வாய்

டிவி மாட்டுகிற வேலையில் எனக்குப் பதினான்கு வருட அனுபவம். சுவரில் துளை போடுவது, தாங்கியை முடுக்குவது, திரையைத் தூக்கி மாட்டுவது, எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. இதிலெல்லாம் எனக்கு வியர்த்ததே கிடையாது. மாட்டி முடித்து, ஏதாவது ஒரு பழைய படத்தை ஓடவிட்டதும் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்பார் பாருங்கள், அங்கேதான் வியர்க்கும்.

"என்னங்க இது, ரெண்டு பக்கமும் கறுப்பாப் பட்டை? ரிப்பேர் பீஸா?"

ரிப்பேர் இல்லை. படம் எடுத்தவர் ஒரு அளவில் எடுத்திருக்கிறார், திரை வேறு அளவில் இருக்கிறது. பெரிய உறைக்குள் சின்னத் தலையணையைப் போட்டால் ஓரத்தில் துணி மிஞ்சும் இல்லையா, அந்த மிச்சம்தான் கறுப்பாகத் தெரிகிறது. இதைப் பொறுமையாகச் சொல்வேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, இவ்ளோ பெருசு வாங்கிட்டு பாதிய கறுப்பாப் பாக்கறதா? உங்க கடைக்காரர் எனக்குப் பட்டை நாமம் போட்டுட்டார்னு சொல்லுங்க" என்பார்கள். ஒரு அம்மாள் ஈரத் துணியை எடுத்துவந்து அந்தப் பட்டையை அழுத்தித் துடைத்தே பார்த்தார். இன்னொருவர், "பேக்கிங் டேப்ப பிரிக்க மறந்துட்டீங்களா தம்பி?" என்றார். அவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்.

ஆரம்பத்தில் நான் சண்டை போட்டேன். மாட்டியதும் ஒரு வட்டத்தைத் திரையில் வரவழைத்து, வட்டம் வட்டமாகத் தெரிந்தால்தான் வேலை முடிந்தது என்று வைத்திருந்தேன். கடைக்குப் புகார் மேல் புகார். மேனேஜர் கூப்பிட்டு, "பாடம் நடத்தாத. பட்டைய எடுத்துட்டு வா" என்றார். எடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே ரிமோட்டை எடுத்து, படத்தின் அளவை 'ஃபுல்' என்று மாற்றிவிடுவேன். இருக்கிற படத்தை டிவி இழுத்துச் ஓரத்துக்கு ஓரம் நிரப்பிவிடும். ஒல்லியான கதாநாயகன் நன்றாகச் சாப்பிட்டவன் மாதிரி ஆவான். வட்டம் முட்டையாகும். வட்டம் முட்டையானதற்கு இதுவரை ஒருத்தரும் புகார் சொன்னதில்லை, டீ கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்தக் கர்வம் என் அக்கா வீட்டில் உடைந்தது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பதினெட்டு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பிரேக்கு! பிரேக்கு! அது கிளட்சு!" என்று கத்திக் கத்தியே பாதி ஊரைச் சாலைக்கு அனுப்பியவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அவள் வாயால் அவளும் பிழைத்தாள், சாலையில் நடந்து போகிறவர்களும் பிழைத்தார்கள். மாமா, அதாவது அவள் கணவர், அதற்கு நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் நான்கு 'ம்'. அந்த வீட்டின் சத்தம் முழுக்க அக்காவுடையது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. கை, கால் மெதுவாகத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, கோபம் வருகிறது, சிரிப்பு வருகிறது, வார்த்தை மட்டும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மேடம் ஒருவரை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். "அவங்க மூளைக்கு வார்த்தை தெரியும். வாய்க்குத்தான் வழி மறந்துபோச்சு. உதட்டப் பாத்துப் பாத்து மறுபடி கத்துக்கணும்" என்றார் அவர். அவர் இருப்பது வேறு ஊரில். அதனால் வாரத்துக்கு ஒரு வீடியோ அனுப்புவார். வீடியோவில் அவருடைய உதடு மட்டும் பெரிதாகத் தெரியும், மூலையில் அவருடைய நிலையத்தின் சின்ன முத்திரை. ஒரு சத்தம், பிறகு இடைவெளி, மறுபடி அதே சத்தம். அதைப் பார்த்து அக்கா செய்ய வேண்டும். அவள் செய்வதை மாமா போனில் எடுத்து மேடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அக்காவுக்குப் பார்வையும் கொஞ்சம் மங்கியிருந்ததால் போன் திரை போதவில்லை. எங்கள் கடையிலேயே பெரிய டிவி ஒன்றை எடுத்துப் போய் நான்தான் மாட்டிக் கொடுத்தேன். டிவிக்குக் கீழே ஒரு கண்ணாடியும் வைத்தேன், தன் உதட்டை அவளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். வீடியோவைப் பென் டிரைவில் போட்டு ஓட்ட மாமாவுக்குப் பழக்கிவிட்டேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெரிய உதட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது வாரமே 'ஆ' வந்துவிட்டது. 'மா' வந்தது, 'வா' வந்தது. மாமா எனக்குப் போன் செய்து ஒரே மூச்சில் ஐந்து வாக்கியம் பேசினார். அப்புறம் உதட்டைக் குவிக்கிற சத்தங்கள் தொடங்கின. ஊ, ஓ, பூ. அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டீயோடு உட்கார்ந்திருந்தபோது அக்கா பூவுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, இருக்கிற சக்தியை எல்லாம் திரட்டி, சத்தமாக, தெளிவாக, "பீ" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்தேன் என்ன, டீ மூக்கில் ஏறிவிட்டது. நாற்பது வருடமாக நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவர்கள். நான் வண்டி ஓட்டிப் பழகியபோது குப்பைத் தொட்டியில் மோதியதை அவள் ஒவ்வொரு புது மாணவருக்கும் சொல்லிச் சிரித்தவள். அந்த நினைப்பில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் பயிற்சி நின்றுவிடும். 'ஆ'கூட என் முன்னால் சொல்ல மாட்டாள். என் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வாரங்கள் போயின. ஊ இல்லை, ஓ இல்லை. பயிற்சியின் நடுவில் அக்கா திரையைக் காட்டுவாளாம், காதைக் காட்டுவாளாம், தலையில் அடித்துக்கொள்வாளாம். சத்தம் அதிகம் என்று நினைத்து மாமா குறைப்பார். ரிமோட்டைப் பிடுங்கி எறிவாளாம்.

ஒன்பதாவது வாரம் மாமா என்னை வரச் சொன்னார். சமையலறையில் நின்றுகொண்டு போனை நீட்டினார். மேடத்திடமிருந்து செய்தி வந்திருந்தது. 'குவிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் உதட்டை விரிக்கிறார், குவிக்கவே இல்லை. இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம். முன்னேற்றம் இல்லையென்றால் பேச்சை நிறுத்திவிட்டுப் பட அட்டைக்கு மாறிவிடலாம். வேண்டியதைத் தொட்டுக் காட்டப் பழகட்டும். இவருக்கு ஒதுக்கியிருக்கிற நேரத்துக்கு இன்னொருவர் காத்திருக்கிறார்.'

"அட்டைன்னா?" என்றேன்.

"தண்ணி படம், சாப்பாடு படம், பாத்ரூம் படம். விரல வச்சுக் காட்டணும்." மாமா சிங்க்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளால முடியாது மாப்ள. அட்டையக் கிழிச்சுப் போட்டுருவா."

எனக்கு வந்ததே கோபம். அங்கேயே மேடத்துக்குப் போன் போட்டேன். "ஒன்பது வாரமா வெறும் உதட்ட அனுப்பிட்டு, வரலைன்னா அட்டையா? உங்க வீடியோலதான் ஏதோ கோளாறு" என்று கத்தினேன். அவர் நிதானமாக, "சார், இதே வீடியோலதான் மத்தவங்க எல்லாம் கத்துக்கறாங்க. அவங்க பயிற்சி செய்யறத இன்னும் தெளிவா எடுத்து அனுப்புங்க, பாக்கறேன்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என்று அவர் நினைத்திருப்பார்.

சரி, நானே எடுக்கிறேன் என்று கிளம்பினேன். ஆனால் என்னைக் கண்டால் அக்கா வாயைத் திறக்க மாட்டாளே. அதனால் அவளுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் போனை நிறுத்தி, அவள் தோளுக்கு மேலே கண்ணாடி தெரிகிற மாதிரி சரிசெய்து, ஓடவிட்டுவிட்டு, "நான் கெளம்பறேன்க்கா" என்று பொய் சொல்லிச் சமையலறைக்குப் போய் ஒளிந்துகொண்டேன். மாமா பென் டிரைவைச் செருகினார். பத்து நிமிடம் உள்ளே இருந்து ஈ, ஈ என்றே கேட்டது. நான் பாத்திரம் துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

பிறகு மாமாவும் நானும் அடுப்புப் பக்கம் தலையோடு தலை வைத்து அந்தப் பதிவைப் பார்த்தோம். இதுவரை மாமா அவளுக்கு எதிரில் நின்று எடுத்தார். டிவி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இன்றைக்குத்தான் முதல் முறையாக இரண்டும் ஒரே படத்தில் வந்திருந்தன. மேலே டிவியில் மேடத்தின் உதடு, கீழே கண்ணாடியில் அக்காவின் உதடு.

இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

நிறுத்தி, திரும்ப ஓட்டினேன். மேடம் 'ஊ' என்கிறார். மேலே உதடு நீளமாக, தட்டையாக இருக்கிறது. அக்கா அதை உற்றுப் பார்க்கிறாள், கண்ணாடியைப் பார்க்கிறாள், தன் உதட்டையும் அதே மாதிரி நீட்டித் தட்டையாக்குகிறாள். ஈ என்று வருகிறது. ஒரு மயிரிழை பிசகவில்லை. அவள் தப்புச் செய்யவில்லை, டிவியில் இருந்ததை அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

"என்ன மாப்ள?" என்றார் மாமா.

நான் மூலையில் இருந்த முத்திரையைப் பார்த்தேன். வட்ட முத்திரை. அது முட்டையாக இருந்தது.

மேடம் அனுப்புவது சதுர வீடியோ. இந்த டிவி உயரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலம். மாட்டிய அன்றைக்கே, யாரும் கேட்காமல், பழக்க தோஷத்தில் நான் 'ஃபுல்' என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். சதுரத்தை டிவி பிடித்து இழுத்து நிரப்பியிருக்கிறது. முழு முகம் இருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். வெறும் உதடு என்பதால், மேடத்துக்குப் பெரிய வாய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். 'ஆ'வுக்கு வாயைத் திறந்தால் போதும், அது எப்படி இழுத்தாலும் திறந்த வாய்தான். குவிக்கிற வாய் மட்டும் இழுத்தால் இளிக்கிற வாயாகிவிடும். காதில் ஊ கேட்கிறது, கண்ணில் ஈ தெரிகிறது. அதைத்தான் அவள் திரையையும் காதையும் காட்டிக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் சத்தத்தைக் குறைத்தோம்.

கூடம் கோணல்தான். கோணலாக்கியவன் நான்.

ஒரு நிமிடம் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ரிமோட்டில் மூன்று அழுத்து அழுத்தினால் போதும், சரியாகிவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் செய்தால், இத்தனை வாரம் தன்னால் முடியவில்லை என்று அவள் நினைத்தது அப்படியே அவள் தலையில் நின்றுவிடும். அந்தப் 'பீ' அவள் தலையிலேயே இருக்கும். அது என் தலைக்கு வர வேண்டியது.

கூடத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அக்கா வாயை மூடிக்கொண்டாள். "போகாம உள்ளயே இருந்தேன்க்கா" என்றேன். முறைத்தாள். ரிமோட்டை எடுத்து 'ஒரிஜினல்' என்று மாற்றினேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை வந்து நின்றது.

"ஐயையோ, பட்டை வந்துடுச்சு" என்றார் மாமா.

"வரட்டும் மாமா. இதான் சரி. இத்தன நாளா நான்தான் படத்த இழுத்து வச்சிருந்தேன்." தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நீ சரியாத்தான் செஞ்ச. டிவி தப்பாக் காட்டுச்சு. அத அப்படி வச்சுட்டுப் போனது நான். நான் சிரிச்சேன் பாரு, அதுவும் நான்தான்."

அவள் திரையைப் பார்த்தாள். இரண்டு பட்டைகளுக்கு நடுவே மேடம் 'ஊ' என்றார். உதடு சின்னதாக, உருண்டையாக, ஊதுவதற்குத் தயாரானது மாதிரி குவிந்தது. அக்காவின் கண் விரிந்தது. திரையைக் காட்டினாள், காதைக் காட்டினாள், பிறகு வலு குறையாத இடது கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இன்னொன்று வைத்தாள். மூன்றாவது அடிக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு வலுவாக அடிக்கிறாளே என்று மாமா சந்தோஷப்பட்டார்.

அன்றைக்கு ஊ வரவில்லை. அதிசயமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. தப்பாகப் பழகிய உதடு பழைய இடத்துக்கே ஓடியது.

மறுநாள் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், நான் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன். "என் வீடியோ டிவியில எப்படித் தெரியும்னு நானும் ஒரு தடவ கேட்டிருக்கணும்" என்றார். பிறகு, "இருந்தாலும் ரெண்டு வாரம் ரெண்டு வாரம்தான் சார். காத்திருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும். ஒரே ஒரு குவிந்த சத்தம் சுத்தமா வந்துட்டாப் போதும், தொடரலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அந்த இரண்டு வாரமும் அக்கா பயிற்சி செய்ததை நான் பார்க்கவில்லை. அவள் என் முன்னால் இன்னும் வாய் திறக்கவில்லை. மாமா மட்டும் தினமும் செய்தி அனுப்புவார், அவர் பாணியில். 'இன்று ஈ.' 'இன்று ஈ, ஆனால் குறைவு.' 'ஊதுகிறாள். காற்று வருகிறது.' ஒன்பதாம் நாள், 'பாதி.' எதில் பாதி என்று கேட்டேன். 'ஊவில்' என்று வந்தது.

வேலைக்குப் போன வீடுகளில் நான் மறுபடி வட்டத்தைப் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். "பட்டை இருக்கட்டும், படம் முழுசா இருக்கு" என்பேன். ஒருவர் கடைக்குப் போன் செய்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். "சரி, நீ சொல்ற மாதிரியே வை" என்று மட்டும் சொன்னார்.

கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேடம் வீடியோ அழைப்பில் வருவதாக ஏற்பாடு. நான் அரை நாள் விடுப்புப் போட்டுப் போனேன். அக்கா தலையை வாரி, வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள். எனக்குப் புரிந்தது. அவள் பயந்தது மேடத்துக்கு இல்லை. வாயைத் திறந்து, மறுபடி அந்த வார்த்தை வந்து, நான் அதைக் கேட்டுவிடுவேனோ என்று பயந்தாள்.

"நான் வெளிய நிக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கதவு வழியாக மேடத்தின் குரல் மெல்லிசாகக் கேட்டது. எப்படி இருக்கீங்க, சாப்டீங்களா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, "இந்தப் படத்துல இருக்கறது என்ன? அவசரமே இல்ல, மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

ஒன்றும் கேட்கவில்லை. கீழ் வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். அதை மூடச் சொல்லிக் கத்தலாமா என்றிருந்தது. படிக்கட்டுக் கைப்பிடியை நான் பிடித்திருந்த பிடியில் அது கையோடு வந்திருக்க வேண்டும். அவளுக்கு அது வராவிட்டால் அடுத்த வாரம் தபாலில் அந்த அட்டை வரும், அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டு என் அக்கா மிச்ச நாளைக் கழிக்க வேண்டும்.

"ப்..." என்று கேட்டது. நின்றது. மறுபடி, "ப்..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பூ."

சின்னதாக, கரகரப்பாக, ஓரம் கொஞ்சம் உடைந்து வந்தது. ஆனால் பூ. மேடம், "இன்னொரு தடவ" என்றார். "பூ." "இன்னொரு தடவ." "பூ!" இந்தத் தடவை அதில் ஓட்டுநர் பயிற்சிக் குரல் கொஞ்சம் இருந்தது. உள்ளே மாமா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "தொடரலாம்மா, அடுத்த வாரமும் இதே நேரம்" என்று மேடம் சொன்னதும் நான் அப்படியே படியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

கதவு திறந்தது. மாமாவாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் முன்னாலேயே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உதட்டை உருண்டையாகக் குவித்தாள்.

"போ... டா" என்றாள்.

போகச் சொன்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.